ஓரின் ஒட்டிய ரசமட்டம்

"ரெண்டு பலகை வை."

"ஒண்ணு போதும்னு சொல்றேன்ல—"

"குமிழி எங்க நிக்குதுன்னு நீ பாத்தியா? ரெண்டு—"

"ரெண்டு வச்சா அந்தப் பக்கம் சாயும். அப்பறம் அந்தப் பக்கமும் ரெண்டு வைக்கச் சொல்லுவ. பொழுது சாயறதுக்குள்ள நாம மரத்து உச்சில இருப்போம்!"

"நான் சொல்றதக் கேளு, ஆர்லிஸ்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுட்டுத்தான் வர்றேன். இன்னைக்கு வண்டி ஓட்டுறது நான். நீ கேளு."

என் தம்பி ஓரின், அடுப்பும் கட்டிலுமாக ஒரு குட்டி வீடு போலிருக்கும் டிரெய்லருக்குப் பக்கத்தில் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி ஆர்லிஸ், அதை இழுத்து வந்த பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தாள். நான் பின் இருக்கையில், காபி ஃபிளாஸ்கையும் ருபார்ப் தண்டு போட்ட கேக் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு, யார் பக்கமும் தலையாட்டிவிடக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்திருந்தேன்.

மினசோட்டாவின் வட கோடியில் இருக்கும் அந்த ஏரிக்கரை முகாமுக்கு அவர்கள் கோடை தவறாமல் வருகிறவர்கள். எப்போதும் ஓட்டுவது அவன். பின்னால் நின்று கையாட்டுவது அவள். திட்டு வாங்குவதும் அவள்தான். போன குளிர்காலத்தில் அவனுக்கு இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். குனியாதே, எதையும் தூக்காதே, வண்டி ஓட்டாதே என்று டாக்டர் சொல்லிவிட்டதால் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவன் பின்னால் நின்று கையாட்டினான். கைத்தடி பிடித்த கையாலேயே ஆட்டினான். அது இடது என்றும் இருக்கலாம், நிறுத்து என்றும் இருக்கலாம், கொசு விரட்டுவதாகவும் இருக்கலாம். ஆர்லிஸ் அவனைத் திரும்பியும் பார்க்காமல், கண்ணாடியை மட்டும் பார்த்து, டிரெய்லரை ரிவர்ஸில் ஒரே வீச்சில் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் விட்டாள். அதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் எதற்குக் கூட வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னை அனுப்பியது அவர்கள் மகள் ஜனெல்.

போன வருடம் ஓரின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறந்துபோய்க் கொக்கியைக் கழற்றிவிட்டான். டிரெய்லர் தன் பாட்டுக்கு ஏரியைப் பார்க்கக் கிளம்பிப் போய், பக்கத்து இடத்தில் ஒரு குடும்பம் சோளக்கதிர் தின்றுகொண்டிருந்த மேசையில் மோதி நின்றது. சோளத்துக்கு மட்டும்தான் சேதம். ஆனால் ஜனெல் அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"தோரா அத்தை, நீங்க கூடப் போங்க," என்றாள். "வேற யாரு உதவியும் இல்லாம, எதையும் உருட்டாம, ரெண்டு பேரும் அத ஒழுங்கா நிறுத்தி முடிச்சாங்கன்னா வச்சுக்கட்டும். இல்லன்னா இந்த வாரமே வித்துடறேன். வாங்குற ஆளக் காக்க வச்சிருக்கேன். நீங்கதான் பாத்து உண்மையச் சொல்லணும். உங்களுக்குப் பொய் சொல்ல வராதுல்ல."

எனக்குப் பொய் சொல்ல வராது என்று குடும்பத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரால் இதுவரை நான் கண்ட ஒரே லாபம் அந்தக் கேக். ஆர்லிஸ் எனக்கென்றே சுட்டது. ஓரின் அவன் பங்குக்கு, வழி நெடுக, "அக்கா, காத்து வருதா? அக்கா, கால் நீட்ட இடம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இத்தனை வருடத்தில் அவன் என் காலைப் பற்றி விசாரித்ததே கிடையாது.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அவன் கழிப்பறைக்குப் போனான். ஆர்லிஸ் பின்னால் திரும்பினாள்.

"தோரா, இத வித்துட்டா என் கதை முடிஞ்சுது."

"வீட்ல இல்லாத வசதி அப்படி என்ன இதுல இருக்கு?"

"வீட்ல அவன் கீழ் அறைல டிவி முன்னாடி போய் உக்காந்தான்னா, பனி விழுந்ததுலேர்ந்து உருகற வரைக்கும் என்கிட்டப் பேசுன மொத்தப் பேச்சையும் ஒரு தபால் தலைக்குப் பின்னாடி எழுதிடலாம். 'உப்பு எங்க', 'பேப்பர் வந்துதா'. அவ்ளோதான். இங்க வந்தாத்தான் அவன் வாயத் தொறக்கறான்."

"திட்டத்தானே தொறக்கறான்?"

"தொறக்கறான்ல?"

அவன் வருவதைப் பார்த்து அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள்.

இப்போது பலகைக்கு வருவோம். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் பலகையைப் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றினால் இடது வலது சமமாகும். ஆர்லிஸ் இறங்கி ஒரே ஒரு பலகையைப் போட்டாள். ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு முனகலோடு பலகைமேல் ஏறி நின்றது. ஓரின் டிரெய்லரின் நெற்றியில் சமம் பார்க்க ஒட்டியிருக்கும் சின்ன ரசமட்டத்துக்கு நேராக மூக்கைக் கொண்டுபோனான். பச்சைத் தண்ணீருக்குள் குமிழி நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ம்," என்றான்.

"என்ன சொன்ன? காதுல விழல."

"ஒண்ணு சரியா இருக்குன்னேன்."

"தோரா, கேட்டியா?"

"கேட்டேன்."

"ஜனெல்கிட்ட சொல்லு."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இடத்துக்காரர் வந்தார். கிளேட்டன் என்று பெயர், அரிசோனாவிலிருந்து வந்தவர். அவருடையது பேருந்து நீளத்துக்கு ஒரு வண்டி. காலையில் அவர் ஒரு பொத்தானை அமுக்கினாராம். நான்கு மூலையிலும் கால்கள் இறங்கி அது தன்னைத்தானே சமம் பண்ணிக்கொண்டதாம். அவர் வேர்க்கடலை தின்று முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஓரினுக்கு அந்த ஜாதி வண்டிகளைக் கண்டால் ஆகாது. பொத்தானை அமுக்கி முகாம் போடுவதற்கு வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாமே என்பான்.

"ஒரு கை குடுக்கவா?" என்றார் கிளேட்டன். நல்ல மனுஷர், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"இல்ல இல்ல, பரவால்ல," என்றான் ஓரின்.

"நெசமாவா? எனக்கு வேற வேலையே இல்லீங்க."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"அப்படியா? சரிங்க." அவர் போய்விட்டார்.

ஓரின் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பக்கத்தில் எதுவானாலும் மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் சரி என்போம். காபியானாலும் அப்படித்தான், கல்யாணமானாலும் அப்படித்தான். முதல் இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை. அதற்குள் கேட்பதை நிறுத்திவிடுகிற மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது.

"போயிட்டாரே!" என்றான் ஓரின்.

"போகட்டும். உதவி வாங்கக் கூடாதுல்ல," என்றாள் ஆர்லிஸ்.

"நான் எங்க வாங்கப் போனேன்? மூணாவது தடவையும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கணுமா இல்லையா?"

"கேக்கணும். அது வாஸ்தவம்."

இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனதைக் கண்டு எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

அடுத்தது கட்டை. ஆர்லிஸ் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள்.

"கட்டை வச்சாச்சா?" என்றான் ஓரின்.

"வச்சாச்சு."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"காலால உதைச்சுப் பாத்தியா?"

"போன வருஷம் இந்த அக்கறை எங்க போயிருந்துது?"

"போன வருஷத்தப் பேசினா நான் பேச மாட்டேன்."

"ஐயோ, பேசு பேசு. நான் உதைக்கிறேன்."

அவள் உதைத்தாள். பிறகு சாட்சிக்காக என்னையும் இறக்கி உதைக்கச் சொன்னார்கள். என் வயதில் நானும் ஒரு உதை கொடுத்தேன். கட்டை அசையவில்லை. என் கால் இரண்டு நாள் வலித்தது. கொக்கியைக் கழற்றிப் பிக்கப்பை முன்னால் நகர்த்தும்போது மூன்று பேரும் மூச்சு விடவில்லை. டிரெய்லர் நின்ற இடத்திலேயே நின்றது.

இனி முன்பின் மட்டம். எங்கள் இடம் ஏரியைப் பார்த்துச் சரிந்த இடம். டிரெய்லரின் பின்புறம் ஏரிக்கு, மூக்கு சாலைக்கு. ஆகையால் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. மூக்குக்கு அடியில் இருக்கிற ஜாக்கியின் கைப்பிடியைச் சுழற்றி அதை இறக்க வேண்டும். ஓரினால் குனிய முடியாது. ஆர்லிஸ் மண்டியிட்டுச் சுழற்றினாள். ஓரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த இன்னொரு ரசமட்டத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடுகிற முகம் அவனுக்குத் தானாக வந்துவிட்டது.

"இறக்கு."

"இறக்கறேன்."

"அது ஏத்தறது."

"எந்தப் பக்கம் சுத்துனா இறங்கும்?"

"நான் என்னைக்கு யோசிச்சேன்? என் கை தானா சுத்தும்."

"அப்ப உன் கையக் கழட்டி இங்க குடு."

"மறு பக்கம் சுத்து. அப்படித்தான். இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்தணும், அதுக்கப்பறம் ஒரு சுத்து எதுக்கு?"

"அது நான் சுத்தல, எந்திரிக்கறதுக்குப் பிடிச்சேன்."

"விடு, நல்லதுக்குத்தான். நட்ட நடுவுல நிக்குது பாரு." அவன் ரசமட்டத்தின் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். "இத எவனும் குறை சொல்ல முடியாது."

ஆர்லிஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பான்கேக் சுட உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வாணலியோடு வாசலில் வந்து நின்றாள்.

"இது என்னன்னு சொல்லு."

"பான்கேக்."

"இது பிறை நிலா. மாவு ஊத்துன இடத்துல நிக்காம முன்பக்கம் ஓடுது. வெண்ணெயும் அந்த ஓரத்துல போய் நிக்குது."

"அடுப்பு கோணல். வாங்குன வருஷமே சொன்னேன். ஃபாக்டரியிலயே கோணலாப் பூட்டிட்டான்."

"கட்டில்ல படுத்தா காலைல ரத்தம் பூரா தலைக்கு வந்துடுது."

"தலையணை சரியில்ல."

"ஃபிரிட்ஜ்ல பால் திரிஞ்சு போகுது."

"நீ கதவத் தொறந்து தொறந்து பாக்கற. நூறு தடவ சொல்லிட்டேன்."

"முட்டை உருண்டு கட்டிலுக்குக் கீழ போகுது, ஓரின்!"

"முட்டைன்னா உருளத்தான் செய்யும். உருண்டையா இருக்குல்ல."

ஆர்லிஸ் உள்ளே போனாள். கேக் சுடும் நீளத் தட்டை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றி, தரையில் வைத்தாள். எங்கள் இருவரையும் எட்டிப் பார்க்கச் சொன்னாள். முன் விளிம்பில் தண்ணீர் ததும்பி நின்றது. பின் விளிம்பில் தட்டின் அடி தெரிந்தது.

"தட்டு நெளிஞ்சிருக்கு," என்றான் ஓரின்.

அவள் தட்டைத் திருப்பிப் போட்டாள். தண்ணீர் மறுபடி முன்னால்தான் போய் நின்றது.

"இப்ப தண்ணியும் நெளிஞ்சிருக்கா?"

"இதோ பாரு. கேக் தட்ட வச்சு மட்டம் பாக்கறவன் உலகத்துலயே கிடையாது. ரசமட்டம் எதுக்குக் கண்டுபிடிச்சான்? வேணும்னா நீளமா ஒரு ரசமட்டம் கொண்டா, தரைல வச்சுப் பாத்துடலாம். என்னோடது வீட்ல சுவத்துல தொங்குது."

"அரிசோனாக்காரர்கிட்ட இருக்கும்."

மூவரும் அந்தப் பக்கம் பார்த்தோம். கிளேட்டன் மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கருவிய வாங்கினா உதவி வாங்குன மாதிரி ஆயிடாதா?" என்று ஆர்லிஸ் என்னைக் கேட்டாள்.

"கருவி உதவில சேராது," என்றான் ஓரின். "அவர் கையால தூக்குனாத்தான் உதவி. என்ன அக்கா?"

நான் தீர விசாரித்து, கருவி உதவி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் மேசைப் பக்கத்துப் பலகைக் கட்டில்தான் படுக்கை. முன்பு இவர்களோடு வந்த ஒவ்வொரு தடவையும் காலையில் நான் கண் விழித்தது படுத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால்.

"அப்ப நீயே போ, தோரா. சும்மா போய் வெயில் மழை பத்திப் பேசு. அவரே குடுப்பார்."

போனேன். கொண்டா என்று கேட்பதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பேச்சு தானாக அங்கே வந்து சேர வேண்டும்.

"நல்ல வெயில்," என்றேன்.

"ஆமாம்மா, நல்ல வெயில்."

"தரைதான் கொஞ்சம் சரிவு."

"சரிவுதான்."

"இந்தச் சரிவுல ஒரு வண்டிய நேரா நிறுத்துறதுங்கறது..."

"எனக்குத் தொல்லையே இல்லீங்க. பட்டன்."

"பட்டன் இல்லாதவங்களும் இருக்காங்களே."

"பாவம்," என்றார் கிளேட்டன், மனதார. வேர்க்கடலைப் பையை நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினார். வேண்டாம் என்றேன். அவரே தின்றார்.

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தோம்.

"சில பேர்," என்றேன் நான், "வண்டில நீளமா ஒரு ரசமட்டமே வச்சிருப்பாங்களாம்."

"என்கிட்ட இருக்கே! பெரிசா. எடுத்துட்டு வரட்டுங்களா?" அவர் பாதி எழுந்தேவிட்டார்.

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "ஐயையோ, வேண்டாம் வேண்டாம்."

"நெசமாவா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரிங்க." உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது தடவை கேட்பார் என்று நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் சர்ச்சில் வருகிற கோடை விருந்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். கேட்கவே இல்லை. திரும்பி வந்தேன்.

"எங்க?" என்றான் ஓரின்.

"அவர்கிட்ட இருக்கு."

"குடுத்தாரா?"

"குடுக்கறேன்னார்."

"வாங்குனியா?"

"ரெண்டு தடவ வேண்டாம்னேன்."

"வேற என்ன பண்ண முடியும்," என்றான் ஓரின். ஆர்லிஸும் ஆமாம் என்று தலையாட்டினாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

அதனால் வழக்கு கேக் தட்டுக்கும் ஒட்டிய ரசமட்டத்துக்கும் இடையிலேயே நின்றது. ஓரின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆர்லிஸ், இத நான் கண்ணை மூடிட்டா ஒட்டுனேன்? முதல்ல டிரெய்லர் சமமா நிக்கணும், அப்பறம் குமிழிய நடுவுல வச்சு ஒட்டணும். அது தெரியாதவனா நான்? எங்க வச்சு ஒட்டுனேன்னு கேளு."

"எங்க வச்சு ஒட்டுன?"

"நம்ம வீட்டு வாசல்ல. நானே போட்ட கான்கிரீட் தரை மேல. கண்ணாடி மாதிரி இருக்கும். அக்கா, நீ பாத்திருக்கல்ல?"

"பாத்திருக்கேன். நல்ல தரை," என்றேன்.

"இன்னைக்கு வரைக்கும் ஒரு விரிசல் கிடையாது. பக்கத்து வீட்டு எல்மர் வாசல்ல மழை பெய்ஞ்சா வாத்து வந்து நீந்தும். நம்ம வாசல்ல? எப்பேர்ப்பட்ட மழைக்கும் ஒரு சொட்டு தேங்கினதில்ல. விழுந்த தண்ணி அத்தனையும் விறுவிறுன்னு தெருவுக்குப்—"

அவன் நிறுத்திக்கொண்டான்.

"தெருவுக்கு?" என்றாள் ஆர்லிஸ்.

"ம்."

"தெருவுக்கு எப்படிப் போகும், ஓரின்?"

"போகும்."

"தானாவா போகும்?"

"தெருப் பக்கம் சரிவா வாட்டம் வச்சுத்தான் போடணும்," என்றான், கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில். "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. இல்லன்னா கராஜுக்குள்ள வந்துடும்."

"எவ்ளோ வாட்டம் வச்ச?"

"நல்லாவே வச்சேன்."

நான் சிரித்த சிரிப்பில் அரிசோனாக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து பார்த்தார். டிரெய்லர் வாங்கிய கோடையில், ஜனெல் கைக்குழந்தையாக இருந்தபோது ஒட்டிய ரசமட்டம் அது. அன்றைக்கு மூக்கைத் தெருப் பக்கமாக வைத்து நிறுத்தியிருக்கிறான். மூக்கு தாழ்ந்து நின்றதைத்தான் சமம் என்று முத்திரை குத்திவிட்டான். அன்றிலிருந்து எந்த ஏரிக்குப் போனாலும், எந்த மலைக்குப் போனாலும், தங்கள் வீட்டு வாசல் சரிவைக் கூடவே எடுத்துப்போய், வியர்க்க விறுவிறுக்க அதையே உண்டாக்கி, அதன்மேல் தலைகீழாகத் தூங்கியிருக்கிறார்கள்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. அவள் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அடுப்பு கோணல் இல்ல."

"இல்ல."

"தலையணை?"

"நல்ல தலையணைதான்."

"ஃபிரிட்ஜ்?"

"கேஸ் ஃபிரிட்ஜ் சமமா நின்னாத்தான் குளுரும்," என்றான் ஓரின். "அது எல்லாருக்கும் தெரியும்."

"நான் கதவத் தொறந்ததால இல்ல."

"இல்ல."

"எத்தன பால், ஓரின்!"

ஆர்லிஸ் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு ஜாக்கியிடம் போனாள். இந்தத் தடவை எந்தப் பக்கம் சுழற்ற வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. நான் உள்ளே தட்டின் முன் மண்டியிட்டு, "இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து," என்று கத்தினேன். தண்ணீர் தயங்கித் தயங்கிப் பின்பக்கம் பரவியது. வெளியே ஓரின் நாற்காலியில் அமர்ந்து அவன் ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குமிழி நடுக்கோட்டை விட்டது, அடுத்த கோட்டைத் தாண்டியது, கடைசியில் முன்கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. அது நகர நகர அவன் தலையும் கூடவே சாய்ந்தது.

"போதும்!" என்றேன். நான்கு விளிம்பிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றது. டிரெய்லர் ஆடாமலிருக்க அதன் மூலைக் கால்களை ஆர்லிஸ் இறக்கினாள். வேலை முடிந்தது. அன்று மாலைக்குள் ஃபிரிட்ஜில் இருந்த வெண்ணெய், கத்தி இறங்காதபடி கல்லாகிவிட்டது.

முகாமில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே போய் நின்று ஜனெலைக் கூப்பிட்டேன்.

"அத்தை! என்ன ஆச்சு? எதுவும் உருண்டுச்சா?"

"உருளல. நானே கட்டைய உதைச்சுப் பாத்தேன்."

"யாராவது உதவி பண்ணாங்களா? உண்மையச் சொல்லுங்க."

"பண்றேன்னு வந்தார் ஒருத்தர். ரெண்டு தடவதான் கேட்டார்."

"ஓ," என்றாள் ஜனெல். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்பா குனிஞ்சாரா?"

"ஜாக்கி சுத்தறப்ப நாற்காலிய விட்டே எந்திரிக்கல. எல்லாம் உங்கம்மாதான்."

"அம்மாவா? சமமா நிக்குதா?"

"நீ பொறந்ததுலேர்ந்து இவ்ளோ சமமா நின்னதில்ல."

"சண்ட போட்டாங்களா?"

"காலைலேர்ந்து வாயே மூடல."

ஜனெல் சிரித்தாள். "அப்ப நல்லாத்தான் இருக்காங்க. சரி அத்தை, அந்த ஆள்கிட்ட விக்கலன்னு சொல்லிடறேன்."

நான் கிட்டத்தட்ட ஓடினேன் என்றே சொல்லலாம். ஆர்லிஸ் வெளி மேசையில் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மாட்டிறைச்சியின் மேல் உருளைக்கிழங்கை அடுக்கிச் சுட்ட பதார்த்தம். முதல் தடவையாக மேலே ஒரே சீராகச் சிவந்திருந்தது.

"வச்சுக்கலாமாம்!" என்றேன்.

ஆர்லிஸ் கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் முதுகெல்லாம் குழம்பு. "ஓரின், கேட்டியா? வச்சுக்கலாமாம்!"

"ம்," என்றான் ஓரின்.

அவ்வளவுதான். பக்கவாட்டு ரசமட்டத்தைப் பேனாக்கத்தியால் பெயர்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அது இருந்த இடத்தில் பெயின்ட் மங்காமல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்தான்.

"நல்லா வெந்திருக்கா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

தலையை ஆட்டினான்.

"நாளைக்குத் தூண்டில் போடப் போறியா?"

தோளைக் குலுக்கினான்.

"கொசு அதிகம் இல்ல இந்த வருஷம், இல்ல?"

கொசு பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. யாராக இருந்தாலும் அதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. ஏரியில் ஒரு படகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை மேசையில் முள்கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஆர்லிஸ் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. வீட்டுக் கீழ் அறையை அப்படியே கழற்றி இங்கே கொண்டுவந்து போட்ட மாதிரி அவன் உட்கார்ந்திருந்தான்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாதோ?" என்று அவள் காதில் கேட்டேன்.

"நீ சிரிச்சது இல்ல தோரா. நான் கணக்குக் கேட்டது."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து டிரெய்லருக்குள் போனாள். உள்ளே அவள் மூக்கிலிருந்து வால்வரை நடப்பதும், வாலிலிருந்து மூக்குவரை நடப்பதும் கேட்டது. வேண்டுமென்றே கனமாக அடி வைத்தாள். கேக் தட்டு இன்னும் தரையில்தான் இருந்தது. திறந்த கதவு வழியாக எனக்கு அது தெரிந்தது. தண்ணீர் ஆடி அடங்கி, மறுபடி நான்கு விளிம்புக்கும் சரியாக வந்து நின்றது. அவளும் குனிந்து அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பிறகு வாசலில் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஓரின், எனக்கென்னவோ இது இப்ப ஏரிப் பக்கம் கொஞ்சம் சாயற மாதிரி இருக்கு."